நிறுவன இணையதளம்: அடுத்த பத்தாண்டுக்கு எதை நம்பிக் கட்டுவது?

2024 மார்ச்சில் கூகுள் ஒரு சேவையை மூடியது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் பதிவு செய்திருந்த சிறு நிறுவனங்கள் அங்கேயே இலவசமாக உருவாக்கிக்கொண்ட ஒரு பக்க இணையதளங்கள்தான் அவை. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்களை மேப்பில் இருக்கும் கடை விவரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ‘பக்கம் இல்லை’ என்ற பதில்தான். கூகுள் இதை முன்கூட்டியே அறிவித்தது. இலவசமாகக் கொடுத்ததை நிறுத்துவதற்கு அதற்கு உரிமையும் உண்டு. ஆனால் விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், கடைப் பலகை என்று எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தவருக்கு அந்த அறிவிப்பு பெரிய ஆறுதல் இல்லை. தளத்தில் எழுதியிருந்ததை வேறெங்கும் எடுத்து வைக்காதவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

நிறுவன இணையதளங்களை இயக்கும் மென்பொருள்களின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் விவரமெல்லாம் இப்போது யார் கையில் இருக்கிறது, எந்த வடிவத்தில் இருக்கிறது? இந்த மென்பொருளுக்குப் பெயர் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, தொழிலில் இருப்பவர்கள் சி.எம்.எஸ். என்பார்கள். அது இனி மாறப்போவதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். டிசைன், தீம், நகரும் பேனர் இதெல்லாம் மலிந்துகொண்டே போகிறது. விவரத்தை ஒழுங்காக வைத்திருப்பதுதான் விலை ஏறும் சரக்கு.

இது எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று பார்த்தால்தான் அடுத்தது புரியும்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் பிரௌசரிலேயே பக்கத்தைத் திருத்தும் வசதி இருந்தது. படிப்பவர் எழுதவும் வேண்டும் என்பது அவர் எண்ணம். அடுத்து வந்து பரவிய பிரௌசர்கள் அதை விட்டுவிட்டன; படிப்பதற்கு ஒரு கருவி, எழுதுவதற்கு வேறொரு கருவி என்று ஆனது. 1990கள் முழுக்க ஒரு நிறுவனத்தின் ஃபோன் நம்பர் மாறினாலும் பக்கத்தை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். பெரிய நிறுவனங்கள் விக்னெட், இன்டர்வோவன் போன்ற மென்பொருள்களைப் பெருந்தொகை கொடுத்து வாங்கின. மற்றவர்களுக்கு வழி இல்லை.

2000க்குப் பிறகு நிலைமை மாறியது. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பயட்டார்ட் 2001இல் ட்ரூபல் என்ற இலவச சி.எம்.எஸ்.ஸை வெளியிட்டார். பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதியவர் அதைத் தொடராமல் விட்டபோது, ஹூஸ்டனில் இருந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அதை எடுத்துத் திருத்தி, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அப்போது முன்னணியில் இருந்த வலைப்பதிவு மென்பொருளான மூவபிள் டைப் தன் கட்டண விதிகளை மாற்ற, மனம் வெறுத்த பயனர்கள் கூட்டமாக வேர்ட்பிரஸ் பக்கம் வந்தார்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடும், நிறுவ ஐந்து நிமிடம் போதும், காசு கிடையாது, வேண்டிய வசதிக்கு ஒரு பிளகின், அதாவது கூடுதலாகச் செருகும் சிறு மென்பொருள், இருக்கும். இந்த நான்கும் சேர்ந்துதான் அதை இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தன. உலக இணையதளங்களில் சுமார் 43 சதவீதம் வேர்ட்பிரஸில் ஓடுவதாக, தளங்களை ஆராய்ந்து கணக்கெடுக்கும் டபிள்யூ3டெக்ஸ் சொல்கிறது. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2017இல் ட்ரூபலை விட்டு இதற்கு மாறியது. நாசாவும் 2023இல் மாறியது.

ஆக, தளத்தைத் திருத்த இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும் என்ற பிரச்சினை தீர்ந்தது. அதே சமயத்தில் வேறொரு பிரச்சினை உள்ளே வந்து உட்கார்ந்தது.

பக்கத்துக்குள் மாட்டிக்கொண்ட விவரம்

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றரை எச்.பி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பம்ப் ஒன்றின் பக்கம் திறந்திருக்கிறது. வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டியது: சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? எத்தனை மீட்டர் ஹெட், அதாவது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும்? அந்த ஹெட்டில் டிஸ்சார்ஜ் எவ்வளவு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளும்? டெலிவரி பைப் எத்தனை இன்ச்? இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 14220 முத்திரை உண்டா? வாரண்டி எவ்வளவு நாள்? பக்கத்தில் இருப்பதோ, வயலின் பின்னணியில் பம்பின் பெரிய படம், அதன்மேல் ஒரு விளம்பர வாசகம், கீழே அச்சடித்த கேட்லாக்கிலிருந்து ஸ்கேன் செய்து ஒட்டிய ஒரு அட்டவணை. ஹெட்டும் டிஸ்சார்ஜும் அந்தப் படத்துக்குள் இருக்கின்றன. கண்ணால் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். ‘30 மீட்டருக்கு மேல் ஹெட் இருக்கும் மாடல்களை மட்டும் காட்டு’ என்று தளத்துக்குள்ளேயே தேட முடியாது. கூகுளுக்குச் சரியாகப் புரியாது. கண் தெரியாதவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் ஒன்றும் கிடைக்காது.

அட்டவணையைப் படமாக ஒட்டாமல் தட்டச்சு செய்திருந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். பேஜ் பில்டர் என்று சொல்லப்படும் கருவிகள் விவரத்தையும் அலங்காரத்தையும் ஒன்றாகக் குழைத்து வைக்கின்றன. அவற்றில் ஒன்றான டபிள்யூ.பி. பேக்கரியில் கட்டிய ஒரு பக்கத்தில் அந்தப் பிளகினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள் கொட்டிக் கிடக்கும்: வரிசை இங்கே தொடங்குகிறது, பத்தி இங்கே முடிகிறது, இத்தனை பிக்சல் இடைவெளி விடு என்று கருவிக்குச் சொன்ன கட்டளைகள். நடுநடுவே உங்கள் பம்பின் விவரம் ஒன்றிரண்டு வரி. இருபது பக்கம் என்றால் ஒரு வாரம் உட்கார்ந்து சுத்தம் செய்யலாம். நானூறு பக்கம் என்றால் அந்த நிறுவனம் வேறு இடம் போவது பற்றி யோசிக்கவே யோசிக்காது. பல நிறுவனங்கள் பத்தாண்டாக ஒரே தீமோடு இருப்பதற்குக் காரணம் அந்தத் தீம் பிடித்திருப்பது என்று நான் நினைக்கவில்லை. வெளியே வர வழி தெரியவில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம், அது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. எச்.பி.க்கு ஒரு கட்டம், ஹெட்டுக்கு ஒரு கட்டம், பைப் அளவுக்கு ஒன்று, தமிழ்ப் பெயருக்கு ஒன்று, ஆங்கிலப் பெயருக்கு ஒன்று என்று விவரத்தைத் தனித்தனியாக வாங்கி டேட்டாபேஸில் வைப்பது. அலங்காரம் தனியாக இருக்கும். அட்டவணை எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரே ஒரு இடத்தில் சொல்லிவிட்டால் எல்லா மாடலுக்கும் அது பொருந்தும். அதே விவரத்திலிருந்து டீலருக்கு விலைப்பட்டியல் போகும், வாட்ஸ்அப் கேட்லாக் போகும், ஓ.என்.டி.சி. போன்ற வணிக வலையமைப்புக்குப் போகும். ஒரு மாடலின் வாரண்டியை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். ட்ரூபல் தொடக்கத்திலிருந்தே இந்தப் போக்கில் வலுவானது. வேர்ட்பிரஸில் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற பிளகின் இந்த வேலைக்குப் பேர்போனது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் ஓடுகிறது.

வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு கொண்டுவந்த குட்டன்பெர்க் எடிட்டர் இந்த விஷயத்தில் பாதி நல்லது. பக்கத்தைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து, எது தலைப்பு, எது படம், எது அட்டவணை என்று குறித்து வைக்கிறது. ஆனால் எது ஹெட், எது டிஸ்சார்ஜ் என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

மென்பொருளின் ஆயுளும் அதன் உரிமையாளரும்

அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் பெயரைச் சொன்னதால் 2024இல் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்த சம்பவம் அது.

அந்தப் பிளகின் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2024 செப்டம்பரில் போர்ட்லாண்டில் நடந்த வேர்ட்பிரஸ் மாநாட்டில் மேட் முல்லன்வெக் அந்த நிறுவனத்தைப் பகிரங்கமாகச் சாடினார்; அடுத்து எழுதிய வலைப்பதிவில் அதை ‘வேர்ட்பிரஸுக்குப் பிடித்த புற்றுநோய்’ என்றார். வேர்ட்பிரஸ் பெயரைப் பயன்படுத்துவதற்காக வருமானத்தில் 8 சதவீதம் தர வேண்டும் என்பது அவர் தரப்பின் கோரிக்கை. செப்டம்பர் 25 அன்று வேர்ட்பிரஸின் மைய சர்வர்களை டபிள்யூ.பி. எஞ்சின் தொட முடியாமல் அடைத்தார்கள். அந்த நிறுவனத்தில் தளம் வைத்திருந்தவர்கள், இந்தச் சண்டைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள், வழக்கமான முறையில் பிளகின் அப்டேட் செய்ய முடியாமல் தவித்தார்கள். அக்டோபர் 2 அன்று டபிள்யூ.பி. எஞ்சின் வழக்கு போட்டது. அக்டோபர் 12 அன்று அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் பிளகினின் இடத்தையே வேர்ட்பிரஸ் தரப்பு எடுத்துக்கொண்டு, பெயரை மாற்றித் தன் பதிப்பை வைத்தது. டிசம்பர் 10 அன்று கலிஃபோர்னியா நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் அது பழைய உரிமையாளரிடம் திரும்பியது.

யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு தளம் வைத்திருக்கிறவராகப் பார்த்தால் இதில் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. மென்பொருள் திறந்த மூலமாக இருக்கலாம். யார் வேண்டுமானாலும் நகலெடுத்து மாற்றலாம். ஆனால் அதன் அப்டேட் வரும் குழாய் ஒரே ஒரு மனிதரின் கட்டுப்பாட்டில் இருந்தது. உரிமத்தைப் படித்துப் பார்த்தவர்கள்கூட இதை யோசித்ததில்லை. 2025 ஜூனில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஃபேர் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பிளகின்களும் தீம்களும் ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களிலிருந்து கிடைக்க வழி செய்வது அதன் நோக்கம். அது எவ்வளவு தூரம் வேர்பிடிக்கும் என்பது ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதை ஏற்பதைப் பொறுத்தது.

ட்ரூபல் வேறொரு வகையில் கற்றுக்கொடுத்தது. 2011 ஜனவரியில் வந்த ட்ரூபல் 7 நன்றாக ஓடியது. 2015இல் வந்த ட்ரூபல் 8 அடித்தளத்தையே மாற்றிவிட்டதால், 7இல் எழுதிய மாட்யூல்கள் (ட்ரூபலின் பிளகின்கள்) அப்படியே ஓடவில்லை. தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் செலவைப் பார்த்துப் பல்லாயிரம் நிறுவனங்கள் நகரவே இல்லை. ட்ரூபல் 7க்கான ஆதரவு முடியும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜனவரி 5 அன்றுதான் முடித்தார்கள். ஒரு பதிப்பு பதினான்கு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தது. இதில் வேடிக்கை, விவரத்தைக் கட்டம் கட்டமாக வைத்திருந்த தளங்கள் ஓரளவு சுலபமாக நகர்ந்தன. பக்கத்துக்குள் கண்டபடி எழுதி வைத்திருந்த தளங்கள்தான் அதிகம் அவதிப்பட்டன.

பாதுகாப்பு பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு சம்பவம் போதும். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7இல் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளம் எதுவானாலும் அது ஊடுருவப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் குழுவே பிறகு எழுதியது. அந்த ஏழு மணி நேரத்தில் இந்தியாவில் ராத்திரி. இரண்டாவது, 2017 இறுதியில் மூன்று லட்சம் தளங்களில் இருந்த கேப்ச்சா என்ற வேர்ட்பிரஸ் பிளகின். அதை எழுதியவர்கள் வேறொருவருக்கு விற்றிருந்தார்கள். வாங்கியவர் பிறகு ஒரு அப்டேட்டில் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஒழுங்காக அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பிளகினும் நமக்குத் தெரியாத ஒருவரிடம் கொடுத்த சாவி. தேவை இல்லாததை எடுத்துவிடுவதைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

தலை இல்லாத அமைப்பு யாருக்கு?

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் மாற்று என்று கடந்த பத்தாண்டில் பேசப்பட்டது ஹெட்லெஸ் சி.எம்.எஸ். விவரத்தை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிற மென்பொருளுக்கு ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும் வழி) மூலம் கொடுக்கும். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது அதன் வேலை இல்லை. அதை வேறொரு நிரல் பார்த்துக்கொள்ளும். 2013இல் பெர்லினில் தொடங்கிய கான்டென்ட்ஃபுல், நார்வேயின் சானிட்டி, பிரான்ஸின் ஸ்ட்ராபி ஆகியவை இந்த வகை. வேர்ட்பிரஸையும் ட்ரூபலையும்கூட இப்படிப் பயன்படுத்தலாம்.

ஒரே விவரம் இணையதளம், மொபைல் ஆப், ஷோரூமில் இருக்கும் டச் ஸ்கிரீன் என்று பல இடங்களுக்குப் போக வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கு இது சரியான வழி. ஆனால் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இதைத் தலையில் கட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே நடப்பது இதுதான்: முகப்பில் ஒரு பேனரின் இடத்தை மாற்றுவதற்குக்கூட மறுபடி டெவலப்பரைக் கூப்பிட வேண்டிவரும். 1990களில் இருந்த நிலைமைக்கே திரும்பிப் போகிறோம், மாதக் கட்டணத்தோடு. தவிர, இந்தத் துறையில் கருவிகளின் ஆயுளும் குறைவு. ஹெட்லெஸ் தளங்களின் முகப்பைக் கட்ட எல்லோரும் கொண்டாடிய காட்ஸ்பி என்ற கருவியை 2023இல் நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் நிறுவனம் வாங்கியது. அதற்குப் பிறகு அதன் வளர்ச்சி அடங்கிப்போனது. அதை நம்பித் தளம் கட்டியவர்கள் மறுபடி மாற வேண்டியிருந்தது.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை, சென்னை ஸோஹோவின் ஸோஹோ சைட்ஸ் ஆகியவை எதிர்த் திசை. ஹோஸ்டிங், பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாம் மாதச் சந்தா கட்டினால் போதும். சின்னக் கடைக்கு இதில் தப்பே இல்லை. ஆனால் உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாப்பிஃபையில் சரக்குப் பட்டியலை எக்ஸலில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துவிடலாம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப் போக முடியாது என்று விக்ஸே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது.

ஏ.ஐ. வந்த பிறகு

2025 டிசம்பரில் ஒரு சுவாரசியமான சண்டை நடந்தது. நிரல் எழுத உதவும் ஏ.ஐ. கருவியான கர்சரை உருவாக்கும் நிறுவனம், தன் சொந்த இணையதளத்தை சானிட்டியிலிருந்து எடுத்து, மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாகவும் நிரலாகவும் மாற்றிக்கொண்டது. வேலையில் பெரும்பகுதியை, சொன்னதைத் தானாகவே செய்து முடிக்கும் ஏ.ஐ. ஏஜென்ட்டுகளே செய்தன, ஏ.ஐ.யைப் பயன்படுத்திய செலவு சுமார் 260 டாலர். சி.எம்.எஸ். என்று ஒன்று இனி எதற்கு, ஏஜென்ட்டிடம் சொன்னால் அதுவே கோப்பைத் திருத்திவிடுகிறதே என்பது அவர்கள் வாதம். சானிட்டி தரப்பு நீளமாகப் பதில் எழுதியது. நீங்கள் சி.எம்.எஸ்.ஸை ஒழிக்கவில்லை, அதன் வேலைகளைத் துண்டுதுண்டாக வேறு கருவிகளில் மறுபடி கட்டியிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம்.

எனக்கு சானிட்டி சொன்னதில் உண்மை அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது. கர்சரில் தளத்தைத் தொடுகிறவர் எல்லாருமே நிரல் தெரிந்தவர். ஒரு மருத்துவமனையையோ, பாத்திரக் கடையையோ, ஸ்பின்னிங் மில்லையோ எடுத்துக்கொண்டால், யார் எதை மாற்றலாம், மாற்றியதை யார் பார்த்து ஓகே சொன்னார், போன செவ்வாய்க்கிழமை விலை எவ்வளவு போட்டிருந்தோம், தவறு என்றால் பழையதற்கு எப்படித் திரும்புவது என்ற கேள்விகள் தினமும் வரும். வாடிக்கையாளர் ஒருவர் ‘உங்கள் தளத்தில் அன்றைக்கு இந்த விலைதானே இருந்தது’ என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நின்றால் பதில் சொல்ல ஏட்டில் இருக்க வேண்டும். ஏ.ஐ. எவ்வளவு வேகமாக எழுதினாலும் இந்தக் கணக்குவழக்கு தேவைப்படும். வேகமாக எழுதுவதால் இன்னும் அதிகமாகவே தேவைப்படும்.

ஆனால் கர்சரின் கதையில் ஒரு பகுதி எல்லோருக்கும் பொருந்தும். பக்கம் கட்டுவதற்கு ஆகும் செலவு விழுந்துகொண்டிருக்கிறது. வேர்ட்பிரஸ்.காம் 2025 ஏப்ரலில் ஏ.ஐ. வழியாகத் தளம் கட்டித் தரும் வசதியைக் கொண்டுவந்தது. விக்ஸ் இதை 2016இலிருந்தே ஏதோ ஒரு வடிவத்தில் செய்துவருகிறது. ‘ஐந்து பக்கம், மொபைலிலும் நன்றாகத் தெரியும்’ என்று சொல்லிப் பணம் வாங்கும் தொழிலுக்கு இனி நீண்ட ஆயுள் இல்லை. அந்தத் தொழிலில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம் என்பதால் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு இனி மதிப்பான வேலை, ஒரு நிறுவனத்தின் விவரத்தை எப்படிப் பிரிப்பது, எந்தக் கட்டத்துக்கு யார் பொறுப்பு என்று உட்கார்ந்து தீர்மானித்துக் கொடுப்பது. அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். பம்ப் விற்கிறவரோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், தளத்தைப் படிக்க வருகிறவரும் மாறுகிறார். கூகுள் தேடலில் மேலே ஏ.ஐ. எழுதும் சுருக்கம் 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்ட்டில் இந்தியாவிலும் வந்தது. பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் கீழே இருக்கும் லிங்க்கைத் தட்டாமல் போகிறவர்கள் உண்டு. தளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2025 ஜூலை 1 முதல், தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில், ஏ.ஐ.க்காகப் பக்கங்களைப் படித்தெடுக்கும் கிராலர்களை இயல்பாகவே தடுக்க ஆரம்பித்தது. படிக்க வேண்டுமானால் காசு கொடு என்று கேட்கும் ஏற்பாட்டையும் சோதித்துவருகிறது. செய்தி நிறுவனங்களுக்கு அது நியாயமான ஆயுதம். பம்ப் விற்கிறவருக்கோ, தன் பம்பின் ஹெட் என்ன என்று ஏ.ஐ.யிடம் கேட்கும் விவசாயிக்குச் சரியான பதில் போய்ச் சேர்வதுதான் லாபம். தப்பான பதில் போனால் நஷ்டம். ஸ்கேன் செய்து ஒட்டிய அட்டவணையிலிருந்து எந்த இயந்திரமும் ஊகித்துத்தான் சொல்லும், ஊகம் தப்பும். கட்டம் கட்டமாக, எது விலை, எது பெயர் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஸ்கீமா.ஆர்க் முறையில் குறித்துக் கொடுத்த விவரத்தில் ஊகிக்க இடம் குறைவு. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இலேயே அறிமுகப்படுத்திய முறைதான் அது. பலர் கண்டுகொள்ளவில்லை.

ஏ.ஐ.யை வைத்து நூற்றுக்கணக்கில் கட்டுரைகளை உற்பத்தி செய்து தளத்தில் கொட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தேடலில் இடம் பிடிப்பதற்காக மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களை கூகுள் 2024 மார்ச்சிலேயே ஸ்பேம் விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. அதை விடுங்கள், பம்ப் பற்றி உங்கள் சர்வீஸ் மெக்கானிக்குக்குத் தெரிந்தது எந்த ஏ.ஐ.க்கும் தெரியாது. உப்புத் தண்ணீரில் எந்த மாடல் சீக்கிரம் போகிறது, ஓல்ட்டேஜ் குறைந்தால் என்ன ஆகிறது என்று அவர் சொல்வதை எழுதிப் போட்டால் அந்தப் பக்கம் வேறு எங்கும் கிடைக்காத பக்கம்.

சி.எம்.எஸ்.கள் இப்போது இந்த இரண்டு பக்கத்துக்கும் தயாராகிவருகின்றன. 2025 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 6.9இல், இந்தத் தளத்தில் என்னென்ன வேலை செய்யலாம், யாருக்கு அனுமதி என்று இயந்திரத்துக்குப் புரியும்படி பட்டியலிடும் வசதி சேர்ந்திருக்கிறது. நாளைக்கு உரிமையாளர் ஃபோனில், ‘ஒன்றரை எச்.பி. மாடல் எல்லாவற்றுக்கும் 500 ரூபாய் ஏற்று’ என்று தமிழில் சொல்வார். ஏஜென்ட் மாற்றி வரைவாக வைக்கும். மேனேஜர் பார்த்து ஓகே கொடுத்த பிறகு தளத்தில் ஏறும். டேஷ்போர்டு என்று நாம் இன்று பார்க்கும் திரை பலருக்குத் தேவைப்படாமலே போகலாம். விலை என்பது தனிக் கட்டமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பத்தியின் நடுவில் புதைந்திருந்தால் ஏஜென்ட்டும் தேடித் துழாவ வேண்டியதுதான்.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல்

நம் ஊர் நிறுவனங்களுக்கு இன்னொரு பழைய கடன் இருக்கிறது. கேட்லாக், நோட்டீஸ், விலைப்பட்டியல் எல்லாம் டி.டி.பி. கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அந்த பி.டி.எஃப்.பைத் திறந்தால் தமிழ் அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். தமிழ் 1991இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது. அப்படியும் இந்தக் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகவும் கம்ப்யூட்டருக்கு வேறு ஏதோவாகவும் இருக்கும் விவரத்தைத் தேடல் இயந்திரமும் ஏ.ஐ.யும் தமிழ் என்றே எடுத்துக்கொள்ளாது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய தளத்துக்குப் பணம் செலவழிப்பதற்கு முன்னால் இந்த மாற்றத்தைச் செய்துவிடுவது நல்லது.

சட்டமும் சேர்ந்து வருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம். ‘எங்களைத் தொடர்புகொள்ள’ படிவத்தில் பெயரும் செல்பேசி எண்ணும் வாங்குகிற ஒவ்வொரு நிறுவனமும் அது எந்தப் பிளகின் வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் அணுகல்தன்மைச் சட்டம் அமலில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு நேரடியாக ஆன்லைனில் விற்கிறவர்கள் தங்கள் கடைப் பக்கத்தைப் பார்வையற்றவரும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு.

சரி, இப்போது தளம் கட்டவோ மாற்றவோ போகிற ஒரு நிறுவனம் என்ன செய்யலாம்? வேர்ட்பிரஸா, ட்ரூபலா, ஷாப்பிஃபையா என்பதில் மணிக்கணக்காகப் பேசுவதற்கு முன், டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்து வைத்துக்கொள்வதும், மனத்தாங்கல் வந்த அன்றைக்கு லாகின் கொடுக்க மறுப்பதும் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தகராறு. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனத்தின் கார்டில் இருக்க வேண்டும்.

அப்புறம், ஒப்பந்தம் போடும்போதே ஒரு சோதனை கேளுங்கள். பத்துப் பொருள்களை உள்ளே ஏற்றச் சொல்லுங்கள், பிறகு மொத்தத்தையும் கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை எக்ஸலில் திறந்து பாருங்கள். எச்.பி. தன் பத்தியிலும் ஹெட் தன் பத்தியிலும் நின்று, தமிழ் தமிழாகப் படிக்க முடிந்தால் கையெழுத்துப் போடலாம். எல்லாம் ஒரே பத்தியில் அடைப்புக்குறிகளோடு கலந்து கிடந்தால், டெமோவில் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.